பூச்சிகள் பரப்பும் நோய்கள்: எப்படி ஆராய்கிறார்கள், எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொசு, மணல் ஈ, உண்ணி பரப்பும் நோய்களைப் பற்றி எங்கே பேசினாலும் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. மாணவர்கள் கேட்கிறார்கள், களப்பணியாளர்கள் கேட்கிறார்கள், வீட்டுக்கு மருந்து அடிக்க ஆள் வந்துபோன பிறகு அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே போட்டிருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். ஒரு பதிலில் சொன்னது இன்னொன்றுக்கும் தேவைப்பட்டால் அதன் எண்ணைக் கொடுத்திருக்கிறேன்.

1. ஒட்டுண்ணி நோய், பூச்சியால வர்ற நோய், ரெண்டும் ஒண்ணுதானே?

ஓரளவுக்குத்தான். மலேரியா, யானைக்கால் நோய், கருங்காய்ச்சல் ஆகிய மூன்றிலும் நோயை உண்டாக்குவது ஒட்டுண்ணி, அதைச் சுமந்து வருவது பூச்சி. டெங்குவிலும் சிக்குன்குனியாவிலும் பூச்சி உண்டு, ஆனால் அது சுமப்பது வைரஸ். கொக்கிப்புழு ஒட்டுண்ணிதான், ஆனாலும் ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து நேராக உள்ளே போய்விடுகிறது. அங்கே பூச்சிக்கு வேலையே இல்லை.

இதைத் தெளிவாக்கிக்கொள்வதுதான் ஆராய்ச்சியின் முதல் படி. நோய்க்கிருமி எங்கெங்கே தங்கி, எந்த வழியாக அடுத்தவரிடம் போகிறது என்று வரைந்து பார்த்தால்தான் எந்த இடத்தில் மறிக்கலாம் என்பது தெரியும்.

2. எச்.ஐ.வி. இருக்கிறவரைக் கடிச்ச கொசு உடனே என்னைக் கடிச்சா எனக்கும் வந்துடுமா?

வராது. கொசு ரத்தத்தை உறிஞ்சும் குழல் வேறு, உமிழ்நீரை உள்ளே விடும் குழல் வேறு. ஒருவரிடம் குடித்த ரத்தத்தை அது இன்னொருவர் உடம்பில் ஏற்றுவதில்லை. எச்.ஐ.வி. கொசுவின் வயிற்றில் பெருகாது, ரத்தத்தோடு சேர்ந்து செரித்துப் போய்விடும்.

டெங்கு வைரஸும் மலேரியா ஒட்டுண்ணியும் அப்படியல்ல. அவை கொசுவின் குடல் சுவரைத் தாண்டி, உள்ளே பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பியை வந்து அடைகின்றன. இதற்கு நாள் பிடிக்கும். டெங்குவுக்கு ஏறத்தாழ 8 முதல் 12 நாள், மலேரியாவுக்கு 10 முதல் 14 நாள். வெயில் குளிரைப் பொறுத்து இது முன்னே பின்னே போகும். இந்தக் காத்திருப்பு நாட்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 4-ஆம் கேள்வி முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது.

3. கொசுன்னா கொசுதானே, எதுக்கு இத்தனை பேர்?

மூன்று பெயர் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம். ஏடிஸ் பகலில் கடிக்கும், வீட்டைச் சுற்றித் தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும், டெங்குவைப் பரப்பும். அனாஃபிலிஸ் பொதுவாக அந்தி முதல் விடியல் வரை கடிக்கும், மலேரியாவைப் பரப்பும். கியூலெக்ஸ் இரவில் கடிக்கும். அதில் யானைக்கால் நோயைப் பரப்பும் இனம் சாக்கடைத் தண்ணீரில் செழிக்கும். மூன்றிலுமே கடிப்பது பெண் கொசு மட்டும். முட்டை உருவாக அதற்கு ரத்தம் வேண்டும்.

சாக்கடையைச் சுத்தம் செய்துவிட்டோமே, டெங்கு ஏன் குறையவில்லை என்று கேட்பவர்களுக்கு இதிலேயே பதில் இருக்கிறது. சாக்கடை கியூலெக்ஸின் இடம். ஏடிஸ் மொட்டைமாடித் தொட்டியிலும் பூச்சாடித் தட்டிலும் இருக்கிறது. அதன் முட்டை தண்ணீர் வற்றினாலும் பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி நனைந்ததும் பொரிக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்தும் கழுவ வேண்டும்.

4. எங்க பக்கம் கொசு மொய்க்குது, ஆனா மலேரியா இல்லை. இன்னொரு ஊர்ல கொசுவே கண்ணுல படலை, அங்கே வருது. இது என்ன கணக்கு?

இந்தத் துறையிலேயே நல்ல கேள்வி இதுதான். கொசுவின் எண்ணிக்கையைவிட அதன் வயது பெரிய விஷயம். 2-ஆம் பதிலில் சொன்னபடி, கிருமியைக் குடித்த கொசு பத்து நாளாவது உயிரோடு இருந்தால்தான் அதைப் பரப்ப முடியும். நோயாளியைக் கடித்த கொசுக்கள் 1000 என்று வைப்போம். ஒவ்வொரு நாளும் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைக்கும் இடத்தில், பத்தாம் நாள் சுமார் 350 மிஞ்சும். நூற்றுக்கு எண்பது பிழைத்தால் 107. எழுபது என்றால் 28 மட்டும். நாளொன்றுக்குச் சாவு கொஞ்சம் கூடினாலே பரவல் எவ்வளவு சரிகிறது பாருங்கள். கொசுவின் எண்ணிக்கையைப் பாதியாக்கினால் ஆபத்தும் பாதிதான் ஆகும். பிழைப்பு விகிதத்தைத் தொண்ணூறிலிருந்து எண்பதாக்கினால் ஆபத்து மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. பத்து நாள் தாண்டிய கொசுவுக்கும் அதன்பின் கடிக்கக் கிடைக்கும் நாட்கள் குறைகின்றன, அதையும் சேர்த்தால் சரிவு இன்னும் அதிகம். 1950-களில் ஜார்ஜ் மெக்டொனால்ட் இதைச் சூத்திரமாகவே எழுதிக் காட்டினார். சுவரில் மருந்து அடிப்பதும், மருந்து தோய்த்த வலையும் மலேரியாவை அவ்வளவு அடக்குவதற்குக் காரணம் இதுதான். ரத்தம் குடித்துவிட்டு வந்து உட்காரும் கொசு முதுமை அடையும் முன்பே செத்துவிடுகிறது.

அடுத்தது, கொசு யாரைக் கடிக்கிறது என்பது. ஒரே கொசு நோயுள்ள மனிதரை ஒரு முறையும், நோயில்லாத மனிதரை இன்னொரு முறையும் கடிக்க வேண்டும். மாட்டை விரும்பிக் கடிக்கும் இனம் கூட்டம் கூட்டமாக இருந்தாலும், அடுத்தடுத்து இரண்டு முறை மனிதரைத் தேடி வருவது அபூர்வம். ஏடிஸ் இதற்கு நேர்மாறு. மனித ரத்தத்தையே தேடும், கை அசைந்தால் பறந்துபோய் அடுத்தவரைக் கடிக்கும், ஒரு வேளைப் பசிக்கே இரண்டு மூன்று பேரிடம் குடிக்கும். வீட்டுக்குள் ஐந்தாறு ஏடிஸ் இருந்தால்கூட அடுத்தடுத்து ஆட்கள் படுத்துவிடுவது அதனால்தான்.

5. சரி, கொசுவோட வயசை எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?

வயிற்றைத் திறந்து பார்த்துத்தான். கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டுக் காய்ச்சி வடித்த நீர் விட்டு, அதில் கொசுவைக் கிடத்தி, இரண்டு நுண் ஊசிகளால் அடிவயிற்றின் கடைசிக் கண்டங்களை மெல்ல இழுத்தால் இரண்டு சினைப்பைகளும் வெளியே வரும். அவற்றை உலரவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். சினைப்பைமேல் மூச்சுக்குழாய்கள் வேர்போலப் படர்ந்திருக்கும். ஒரு முறைகூட முட்டையிடாத கொசுவில் அவற்றின் நுனி சுருண்டு சின்னச் சின்ன நூல் உருண்டையாகத் தெரியும். ஒரு முறை முட்டை இட்டதும் அந்தச் சுருள் அவிழ்ந்து நீண்டுவிடும், பிறகு சுருளவே சுருளாது. சோவியத் விஞ்ஞானி டெட்டினோவா சீராக்கிக் கொடுத்த முறை இது. செலவு அதிகமில்லை, கை பழக வேண்டும்.

பிடித்த கொசுக்களில் எத்தனை பங்கு முட்டையிட்டவை என்று தெரிந்துவிட்டால், ரத்தம் குடிப்பதிலிருந்து முட்டையிடுவது வரை ஆகும் நாட்களோடு சேர்த்து, தினசரிப் பிழைப்பு விகிதத்தைக் கணக்கிடலாம். மருந்தடித்த மாதத்துக்கு முன்னும் பின்னும் இந்தப் பங்கு மாறவே இல்லை என்றால், கொசு குறைந்ததுபோலத் தெரிந்தாலும் நான் அந்த வேலையை நம்ப மாட்டேன்.

6. கொசுவாலதான் மலேரியா வருதுன்னு முதல்ல எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

ஒரே ஆள் ஒரே நாளில் கண்டுபிடித்தது இல்லை. 1877-இல் சீனாவின் அமோய் நகரில் பேட்ரிக் மேன்சன், யானைக்கால் நோய்ப் புழு கொசுவுக்குள் வளர்வதைப் பார்த்தார். ஆனால் கொசு ஒரு முறைதான் ரத்தம் குடிக்கும், பிறகு தண்ணீரில் விழுந்து சாகும், அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு நோய் வரும் என்று நினைத்தார். கொசு பிழைத்திருந்து மறுபடியும் கடிக்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை. 1880-இல் அல்ஜீரியாவில் லவரான் மலேரியா நோயாளியின் ரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கண்டார். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், நோயாளியின் ரத்தம் குடித்த அனாஃபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் அந்த ஒட்டுண்ணி வளர்வதைக் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவை மலேரியாவை வைத்து, உமிழ்நீர்ச் சுரப்பி வரை முழுச் சுற்றையும் காட்டினார். மனித மலேரியா அனாஃபிலிஸால் பரவுவதை இத்தாலியில் கிராஸியும் அவரோடு இருந்தவர்களும் 1898-இல் உறுதி செய்தார்கள்.

இன்றைக்கும் ஒரு பூச்சிமேல் பழி சுமத்த வேண்டுமானால் கிட்டத்தட்ட அதே படிகள்தான். அது மனிதரைக் கடிக்க வேண்டும். நோய் வரும் இடத்திலும் பருவத்திலும் இருக்க வேண்டும். இயற்கையில் பிடித்த பூச்சிக்குள், தொற்றக்கூடிய நிலையில் உள்ள கிருமி கிடைக்க வேண்டும். ஆய்வகத்தில் அது பரப்புவதையும் காட்ட வேண்டும். பூச்சியை அரைத்துப் பி.சி.ஆர். செய்து மரபணு கிடைத்துவிட்டது என்பது மட்டும் சான்று ஆகாது. அது நேற்றுக் குடித்த ரத்தத்தில் இருந்ததாகவும் இருக்கலாம்.

7. கொசு பிடிக்க மனுஷங்களையே உட்கார வைக்கிறாங்களாமே, உண்மையா?

உண்மைதான். முழங்கால் வரை திறந்த காலோடு ஒருவர் இரவில் உட்கார்ந்திருப்பார். கொசு வந்து உட்கார்ந்ததும், கடிக்கும் முன்பே உறிஞ்சுகுழாயால் பிடித்துவிடுவார். எந்த இனம், எத்தனை மணிக்கு, வீட்டுக்குள்ளா வெளியிலா மனிதரைத் தேடி வருகிறது என்பதை இவ்வளவு நேரடியாகச் சொல்லும் முறை வேறில்லை. அறநெறிக் குழுவின் ஒப்புதல், உட்காருபவரின் முழுச் சம்மதம், மலேரியா தடுப்பு மாத்திரை எல்லாம் கட்டாயம். அப்படிப்பட்ட தடுப்பு மாத்திரை டெங்குவுக்குக் கிடையாது. அதனால் டெங்கு பரவும் இடத்தில் இப்படி ஆளை உட்கார வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மாற்றாக ஒளிப்பொறி, மனித வாடையைப் போன்ற மணம் வைத்த பொறி, முட்டையிட வரும் கொசுவைப் பிடிக்கும் கருநிறப் பாத்திரம் எனப் பல உண்டு. ஒவ்வொன்றிலும் சில இனங்கள் கூடுதலாக விழும், சில விழவே விழாது. எந்தப் பொறி என்று சொல்லாமல் வரும் எண்ணிக்கைக்குப் பொருளில்லை.

8. யானைக்கால் சோதனைக்குன்னு ராத்திரி பத்து மணிக்கு மேல வந்து ரத்தம் எடுக்கிறாங்க. பகல்ல வந்தா என்ன?

பகலில் வந்தால் புழு அகப்படாது. யானைக்கால் நோயின் நுண்புழுக்கள் பகலில் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் தங்கிவிட்டு, இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை மேலோட்ட ரத்தத்தில் அதிகமாக வந்து உலவும். பரப்பும் கியூலெக்ஸ் கடிக்கும் நேரமும் அதுதான். பசிபிக் தீவுகள் சிலவற்றில் பகலில் கடிக்கும் ஏடிஸ் இந்த நோயைப் பரப்புகிறது. அங்கே நுண்புழுக்கள் பகலிலும் ரத்தத்தில் இருக்கின்றன! படித்த நாளிலிருந்து இன்றுவரை எனக்கு வியப்பு தீராத விஷயம் இது.

ரத்தத்தில் புழுவின் ஆன்டிஜெனைக் கண்டறியும் பட்டைச் சோதனையை எந்த நேரத்திலும் செய்யலாம். ஆனாலும் நுண்புழுவைக் கண்ணால் எண்ண இரவு ரத்தம்தான் வேண்டும். தூக்கத்தைக் கெடுக்கிறார்களே என்று விரட்டாமல் விரலை நீட்டுங்கள்.

9. எனக்கு ஒரு நோயும் இல்லை. எதுக்கு எனக்கும் மாத்திரை?

உங்களுக்கே தெரியாமல் உங்கள் ரத்தத்தில் நுண்புழு இருக்கலாம் என்பதால். யானைக்கால் தொற்று உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வெளியே ஒரு அறிகுறியும் இருக்காது, ஆனால் அவர்களைக் கடிக்கும் கொசு புழுவை எடுத்துக்கொண்டு போகும். வளர்ந்த புழு உடம்பில் 6 முதல் 8 ஆண்டு வாழும். டி.இ.சி., அல்பெண்டசோல் மாத்திரைகள் நுண்புழுக்களைக் குறைக்கும், வளர்ந்த புழுக்கள் எல்லாவற்றையும் ஒரே வேளையில் கொன்றுவிடாது. ஆகவேதான் ஆண்டுக்கு ஒரு முறை, குறைந்தது ஐந்து ஆண்டு, மொத்த மக்கள்தொகையில் 65 சதவீதத்துக்குக் குறையாமல் விழுங்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். கையில் வாங்கி அலமாரியில் வைத்த மாத்திரை இந்தக் கணக்கில் சேராது.

கர்ப்பிணிகளுக்கும், மிகச் சிறு குழந்தைகளுக்கும், கடும் நோயில் இருப்பவர்களுக்கும் கொடுப்பதில்லை. மாத்திரை போட்டபின் லேசான காய்ச்சலோ தலைவலியோ வந்தால், அது பெரும்பாலும் உள்ளே நுண்புழுக்கள் சாவதால் வருவது. கூடுதலாக இருந்தால் கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

10. புகை அடிச்சுட்டுப் போறாங்க, ரெண்டு நாள்ல கொசு திரும்ப வருது. இது சும்மா கண்துடைப்பா?

புகைக்கு என்று ஒரு வேலை உண்டு. அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசு சாகும். பீரோவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஏடிஸ் தப்பிக்கும். தொட்டியில் உள்ள புழுவும் கூட்டுப்புழுவும் தப்பிக்கும், மறுநாளே புதுக் கொசு வரும். டெங்கு பரவிக்கொண்டிருக்கும்போது நோயாளியின் வீட்டைச் சுற்றி அடித்தால், கிருமி சுமக்கும் முதிர்ந்த கொசுக்களில் ஒரு பகுதியைக் கொல்லலாம். பிறகு வருபவை இளங்கொசுக்கள், 4-ஆம் பதிலின் கணக்குப்படி அவற்றால் பரப்ப நாளாகும். அந்த இடைவெளியில் தண்ணீர்ப் பாத்திரங்களைக் கவனித்தால் பலன் உண்டு. ஏடிஸ் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும், வாரம் ஒரு முறை காலி செய்து தேய்த்தால் அந்தச் சுற்று அறுந்துவிடும்.

நோயே இல்லாத தெருவில் மாலை மாலை புகை அடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மருந்து வீணாவதோடு, அடுத்த கேள்வியில் வரும் தொல்லையும் சேர்ந்துகொள்கிறது.

11. மருந்துக்குக் கொசு பழகிடுச்சுன்னு சொல்றாங்களே, அதை எப்படி அளப்பது?

தனிக் கொசு பழகுவதில்லை. மருந்தைத் தாங்கும் மரபணு உள்ளவை ஒன்றிரண்டு முன்பே கூட்டத்தில் இருக்கும். மருந்தடித்ததும் மற்றவை செத்து, அவற்றின் வாரிசுகள் பெருகும். உலக சுகாதார நிறுவனத்தின் குழாய்ச் சோதனையில், குறித்த அளவு மருந்து பூசிய தாள் உள்ள குழாயில் மூன்று முதல் ஐந்து நாள் வயதான, ரத்தம் குடிக்காத பெண் கொசுக்களை ஒரு மணி நேரம் விட்டு, வெளியே எடுத்து 24 மணி நேரம் கழித்து எண்ணுவார்கள். 98 சதவீதமோ அதற்கு மேலோ செத்திருந்தால் மருந்து கேட்கிறது. 90-க்குக் கீழே என்றால் எதிர்ப்பு உறுதி. இடைப்பட்டதென்றால் திரும்பச் சோதிக்க வேண்டும்.

அப்புறம் என்ன செய்வது என்பது எதிர்ப்பின் வகையைப் பொறுத்தது. மருந்து போய்த் தாக்கும் நரம்பு வாயில் மாறியிருக்கலாம், அல்லது மருந்தை உடைக்கும் நொதிகள் பெருகியிருக்கலாம். இரண்டாவது வகைக்கு, அந்த நொதிகளை முடக்கும் பொருள் சேர்த்த வலை உதவும்.

12. கொசு இனத்தையே ஒழிச்சா எல்லாம் முடிஞ்சிடாதா?

தேவையே இல்லை. ஒவ்வொரு கொசுவையும் ஒழிக்க வேண்டாம், எண்ணிக்கை ஒரு எல்லைக்குக் கீழே போனால் மலேரியா தானாகவே அற்றுப்போகும் என்று ராஸ் அன்றே கணக்குப் போட்டுக் காட்டினார். உலகில் 3000-க்கும் மேற்பட்ட கொசு இனங்கள் உண்டு, நோய் பரப்புபவை அவற்றில் சிறு பகுதிதான். ஒரு இனத்தை மட்டும் குறிவைத்து அடக்க முடியும் என்பதற்கு, கால்நடைப் புண்ணில் வளரும் திருகுப்புழு ஈ நல்ல சான்று. 1954-இல் குராசோ தீவில், கதிர்வீச்சால் மலடாக்கிய ஈக்களை விட்டே அதை ஒழித்தார்கள்.

13. வோல்பாக்கியா கொசுன்னு வேணும்னே கொசுவைத் திறந்து விடுறாங்களாமே? நம்பலாமா?

வோல்பாக்கியா பல பூச்சி இனங்களின் உயிரணுக்களில் இயல்பாகவே வாழும் பாக்டீரியா. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தியில் அது இயல்பாக இருப்பதில்லை. பழ ஈயிலிருந்து எடுத்து அதன் முட்டைக்குள் செலுத்தியபோது, டெங்கு வைரஸ் அந்தக் கொசுவுக்குள் சரியாகப் பெருக முடியாமல் போனது. பாக்டீரியா தாயிடமிருந்து முட்டை வழியாகப் போகிறது. அது உள்ள ஆணும் இல்லாத பெண்ணும் கூடினால் முட்டை பொரிக்காது. இந்த இரண்டாலும் சில தலைமுறைகளில் அது அந்த வட்டாரக் கொசுக்களிடையே நிலைத்துவிடுகிறது. மனித உடம்பில் அது வாழாது.

நம்பலாமா என்றால், சோதனையின் அமைப்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரை 24 பகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் 12-இல் மட்டும் இந்தக் கொசுக்களை விட்டார்கள். காய்ச்சலோடு வந்தவர்களைச் சோதித்து, டெங்கு உள்ளவரும் இல்லாதவரும் எந்தப் பகுதியினர் என்று ஒப்பிட்டார்கள். விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைவு என்று 2021-இல் வெளியிட்டார்கள். டெங்கு ஒரு வருடம் எகிறும், மறு வருடம் தானே அடங்கும். ஒப்பிட ஒரு பகுதி வைக்காமல் "போன வருஷம் இத்தனை, இந்த வருஷம் இத்தனை" என்று காட்டும் எந்தத் திட்டத்தையும் நான் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை.

14. மருந்தோ தடுப்பூசியோ இல்லாம ஒரு நோயை ஒழிக்க முடியுமா?

நரம்புச் சிலந்தி நோய் ஏறக்குறைய அப்படித்தான் ஒழிந்து வருகிறது. பெயர்தான் சிலந்தி, நோயை உண்டாக்குவது கினிப் புழு. குடிநீரில் உள்ள மிகச் சிறிய நீர்ப்பூச்சிக்குள் அந்தப் புழு இருக்கும். குடித்து ஏறத்தாழ ஓராண்டு கழித்துக் காலில் கொப்புளம் கிளப்பி வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் காலைக் குளத்தில் வைத்தால், தண்ணீரில் குஞ்சுகளை விட்டுவிடும். தண்ணீரைத் துணியில் வடிகட்டு, புண்ணோடு குளத்தில் இறங்காதே, அந்த நீர்ப்பூச்சியைக் கொல்லும் மருந்தைக் குளத்தில் போடு. இவ்வளவுதான். 1986-இல் ஆண்டுக்கு 35 லட்சம் என்று மதிப்பிடப்பட்ட நோய், 2021 முதல் உலகம் முழுவதிலும் ஆண்டுக்கு 20 பேருக்குக் கீழே வந்துவிட்டது. இப்போது மிஞ்சியிருக்கும் சிக்கல் நாய்கள். சாட் நாட்டில் நாய்களிடமும் அதே புழு கண்டறியப்பட்டதால் கடைசிப் படி இழுத்துக்கொண்டே போகிறது.

15. ஒரு நாட்டில மலேரியா ஒழிஞ்சதுன்னு சான்றிதழ் கொடுத்தாச்சு. அப்புறமும் எதுக்குச் செலவு?

இலங்கையைப் பாருங்கள். 1963-இல் அங்கே ஆண்டு முழுவதற்கும் 17 பேருக்குத்தான் மலேரியா. கண்காணிப்பும் தெளிப்பும் தளர்ந்தன. அதே பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கில் திரும்ப வந்தது. கொசுவும் போகவில்லை, ஒட்டுண்ணியும் முழுக்கப் போகவில்லை. மறுபடி பல பத்தாண்டு உழைத்து, 2012 அக்டோபருக்குப் பிறகு உள்ளூர்ப் பரவல் இல்லாமல் செய்து, 2016-இல் சான்றிதழ் பெற்றார்கள். குறைந்தது மூன்று ஆண்டு தொடர்ந்து உள்ளூர்ப் பரவல் பூஜ்யம் என்று காட்டினால்தான் உலக சுகாதார நிறுவனம் அதைக் கொடுக்கும்.

அனாஃபிலிஸ் இருக்கும் நாட்டுக்கு வெளியிலிருந்து ஒரு நோயாளி வந்தால் போதும். விவாக்ஸ் என்ற வகை மலேரியா இன்னும் பொல்லாதது, கல்லீரலில் உறங்கிக் கிடந்து மாதங்கள் கழித்து எழும். அந்த உறங்கும் நிலையை அழிக்கும் பிரைமாகுவின், ஜி6பி.டி. என்ற நொதி குறைந்தவர்களின் சிவப்பணுக்களை உடைக்கும், அதனால் சோதித்துத்தான் கொடுக்க வேண்டும். நோயாளி பூஜ்யமான பிறகு, ஒவ்வொரு காய்ச்சலிலும் மலேரியாவைத் தேடும் பழக்கம் மருத்துவர்களிடம் மறைந்துபோகிறது. செலவின் பெரும்பகுதி அந்தப் பழக்கத்தை உயிரோடு வைக்கத்தான்.

16. வெயில் கூடினா இந்த நோயெல்லாம் கூடும்தானே?

ஓர் அளவு வரை. சூடு கூடினால் 2-ஆம் பதிலில் சொன்ன காத்திருப்பு நாட்கள் சுருங்கும், அது பரவலுக்குச் சாதகம். இன்னும் கூடினால் கொசுவின் ஆயுளும் சுருங்கும், அது பாதகம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மலேரியா பரவ உகந்தது சுமார் 25 டிகிரி செல்சியஸ், ஏடிஸ் எஜிப்தி பரப்பும் டெங்குவுக்குச் சுமார் 29. ஆகவே குளிர்ந்த மலைப்பகுதியில் சூடு கூடினால் மலேரியா மேலே ஏறலாம், ஏற்கெனவே கொதிக்கும் சமவெளியில் குறையவும் செய்யலாம். மழை, தண்ணீர்ப் பற்றாக்குறையில் வீட்டில் சேமித்து வைக்கும் தண்ணீர், மக்கள் இடம்பெயர்வது எல்லாம் இதோடு கலக்கின்றன. வெப்பநிலையை மட்டும் வைத்து வரைந்த வரைபடத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

17. இந்த வேலைக்கு வரணும்னா விலங்கியல் படிச்சாத்தான் முடியுமா?

விலங்கியல், மருத்துவம், கால்நடை மருத்துவம், புள்ளியியல், மானுடவியல் என எதிலிருந்தும் வரலாம். மக்கள் ஏன் வலைக்குள் படுப்பதில்லை, மாத்திரையை ஏன் விழுங்குவதில்லை என்று கேட்கத் தெரிந்தவர்களும் எங்களுக்கு நிறையத் தேவை. எதிலிருந்து வந்தாலும், முதல் ஆண்டிலேயே பெண் கொசுவையும் ஆண் கொசுவையும் பிரிக்கவும், மூன்று பேரினங்களை வெறுங்கண்ணால் அடையாளம் காணவும், சினைப்பையைக் கிழியாமல் எடுக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். கணக்கு மாதிரிகளைக் கணினியில் ஓட்டுபவர்களுக்கும் இதையே சொல்வேன். மாதிரியில் போடும் எண்கள் எல்லாம் யாரோ ஒருவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்து எண்ணியவைதான். எண்ணுவதில் எங்கெங்கே தவறு நேரும் என்று தெரிந்தவர்தான் அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று சொல்ல முடியும்.